சோர்ந்துபோன விசுவாசிக்கு யூவெர்ஷன் செயலி உதவுமா?

விசுவாசத்தில் பின்வாங்குவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் வேதவாசிப்பு நிற்கும், அடுத்து ஜெபம், கடைசியில்தான் ஞாயிறு ஆராதனை. அந்த முதல் படியிலேயே கைகொடுக்க நல்ல கருவி யூவெர்ஷன் பைபிள் செயலி. அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலுள்ள லைஃப்.சர்ச் சபை 2008-இல் வெளியிட்டது. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் தனியாக வைத்திருப்பவருக்கு இதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லச் சொல்கிறது எபிரெயர் 3:13. அதற்குத் துணையாக வைத்துக்கொண்டால்தான் இதன் அருமை தெரியும்.

'பிளான்ஸ்' பகுதியில் ஒரு வாசிப்புத் திட்டத்தைத் திறந்து, நண்பர்களோடு வாசிப்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் தேதியைக் குறித்து, அழைப்பு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சேருகிற ஒவ்வொருவருக்கும் செயலியில் கணக்கு வேண்டும். அன்றன்றைய பகுதியின் முடிவில் கருத்துப் பகிர இடம் உண்டு. யார் முடித்தார் என்பதும் தெரியும். மூன்று முதல் ஐந்து பேர் போதும். கூட்டம் பெருகினால் இரண்டு பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

பலரும் தடுமாறுவது திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு வாசிக்க வேண்டும். ஜனவரி 1-இல் ஆதியாகமம் தொடங்கி நாளுக்கு மூன்றாகப் போனால் 30-ஆம் தேதி யாத்திராகமம் முடியும். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளிலேயே களைத்தவர் மறுநாள் லேவியராகமத்தின் 27 அதிகாரங்களுக்கு முன் நிற்கிறார். அங்கே பத்து நாள் தவறினால் முப்பது அதிகாரம் பாக்கி. அதைப் பார்த்தே மூடிவிடுகிறார்கள்.

ஆகவே சோர்ந்திருப்பவருக்கு ஐந்து முதல் ஏழு நாள் திட்டமே சரி. 1 பேதுருவில் ஐந்தே அதிகாரங்கள். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய ரோம மாகாணங்களில் சிதறிப் பாடு அனுபவித்தவர்களுக்கு எழுதியது. அது முடிந்ததும், தைரியத்தை விட்டுவிடாதிருக்கச் சொல்லும் எபிரெயர், 13 அதிகாரங்கள். ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-இல் தம் சபைக்கு வகுத்த திட்டம் அருமையானது. ஆனால் தினமும் நான்கு இடங்களிலிருந்து வாசிக்க வேண்டியிருப்பதால் நிலையாக வாசிப்பவருக்கே பொருந்தும். தனித்திட்டத்தில் பின்தங்கியவர் பாக்கியை ஒரே இரவில் தீர்க்கப் பார்க்க வேண்டாம். தேதிகளை இன்றைக்கு நகர்த்தும் 'கேட்ச் அப்' வசதி உண்டு.

தொடர் நாள் கணக்கான 'ஸ்ட்ரீக்' எனக்கு உவப்பில்லை. அது செயலியைத் திறந்த நாளை எண்ணுகிறதே தவிர, வசனம் மனதில் இறங்கியதை அல்ல. ஒருநாள் அறுந்தால் குற்றவுணர்வு வந்து சேர்கிறது. குழுவில் அந்த எண்ணைப் பாராட்டாதீர்கள். இன்று எந்த வசனம் தாங்கியது என்று கேளுங்கள்.

தமிழில் பழைய மொழிபெயர்ப்பான ஓ.வி., இந்தியத் திருத்திய மொழிபெயர்ப்பான ஐ.ஆர்.வி., எளிய நடையிலுள்ள இ.ஆர்.வி. எல்லாம் கிடைக்கின்றன. சபையில் மனப்பாடம் செய்து வளர்ந்தவருக்கு ஓ.வி. மனதில் ஒட்டும், ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கு இ.ஆர்.வி. எளிது. ஒரு குழு ஒன்றையே வைத்துக்கொள்வது நல்லது, இல்லையேல் சேர்ந்து வாசிக்கையில் வரி பிசகும். தமிழ்த் தியானத் திட்டங்கள் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு, சிலவற்றின் நடையும் கரடுமுரடு. வேதபகுதி மட்டும் உள்ளதே மேல்.

ஜெபப் பட்டியலை நண்பர்களோடு பகிரலாம், பதில் கிடைத்ததையும் குறிக்கலாம். பிறருடைய நோயையோ குடும்பச் சிக்கலையோ அவர் சம்மதமின்றி அதில் எழுதாதீர்கள். நம்பிச் சொன்னவர் அதோடு விலகிவிடுவார்.

மூன்று நாளாக வாசிப்பை முடிக்காதவருக்குச் செயலியில் நினைவூட்டல் அனுப்பிப் பயனில்லை. போன் போட்டு, அன்றைய அதிகாரத்தை இருவருமாக மாறிமாறி வாசியுங்கள். பத்து நிமிடம் ஆகும்.