பந்தய மாட்டு ரெடிமேட் செட்: கடற்கரைக் காற்றில் எது தாங்கும்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடி, தொண்டிப் பக்கம் பொங்கலோ கோயில் திருவிழாவோ நெருங்கினால், சந்தைக் கடைகளில் பிளாஸ்டிக் பையில் போட்டு பந்தய மாட்டு ஜோடிக்கான செட் தொங்கவிடுவார்கள். மூக்கணாங்கயிறு, கழுத்துக்கயிறு, நெற்றிப்பட்டை, சலங்கைப் பட்டை எல்லாம் இரண்டிரண்டு, கூடவே பிடிகயிறும் குஞ்சமும். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவில் ஓட்டுகிறவரும் ஒரு தடவையாவது இதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். அந்த செட்டில் குஞ்சமும் நெற்றிப்பட்டையும் வாங்கலாம். கயிறு ஒன்றையும் மாட்டின் மேல் ஏற்றாதீர்கள். சலங்கைப் பட்டையைப் பிரித்து வேறு பட்டையில் தைக்கத் தெரிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முதலில் மூக்கணாங்கயிறு. செட்டில் வருவது பளபளவென்று ஆரஞ்சு, பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் கயிறு. புதிதில் மழமழவென்று இருக்கும். சாரதி பிடிகயிறை இழுக்கும்போது அந்த மழமழப்புதான் வினை: மூக்குத் துளைக்குள் கயிறு இப்படியும் அப்படியும் வழுக்கி ரம்பம் மாதிரி அறுக்கும். வெயிலில் சில மாதம் கிடந்தால் இழை ஒடிந்து சிலும்பு எழும். விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவினால் குத்தும். அந்தச் சிலும்பு மூக்குக்குள் போனால் புண், புண்ணில் ஈ, அப்புறம் புழு.

பருத்தி நூல்கயிறே போடுங்கள். பென்சில் கனம் போதும். முறுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு கையாலும் எதிர்த்திசையில் திருகிப் பாருங்கள். இழை விலகி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கயிறு வேண்டாம். வாங்கி வந்ததும் அளந்து வெட்டிவிடாதீர்கள். பருத்தி நனைந்தால் சுருங்கும். மாட்டின் மூக்கில் இருக்கும்போது சுருங்கினால் நாள் முழுக்க மூக்கை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் இழுத்துக் கட்டிக் காயவைத்த பிறகு அளவெடுக்கவும். பழைய கயிற்றை அளவாக வைத்து, முடிச்சுக்கு ஒரு சாண் கூட்டிக்கொள்ளலாம்.

மாற்றும்போது பழைய கயிற்றைக் கொம்புக்குப் பின்னால் அறுத்து, புதுக் கயிற்றின் நுனியை எலிவால் மாதிரிக் கூராக்கி, பழைய கயிற்றின் நுனியோடு ஊசிநூலால் சேர்த்துத் தைக்க வேண்டும். முடிச்சுப் போட்டு இழுத்தால் துளை கிழியும். சேர்த்த இடத்தில் வேப்பெண்ணெய் தடவி மெதுவாக உருவினால் மாடு தலையைக்கூட அதிகம் ஆட்டாது. கட்டிய பிறகு கன்னத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் பக்கத்து மாட்டின் கொம்பு மாட்டிக்கொள்ளும்.

பருத்திக்கு ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உப்புக் காற்று ஈரத்தை இழுக்கும். வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கம் ராத்திரி வெளியில் கிடந்த கயிறு விடியும்போது ஈரமாகத்தான் இருக்கும். சீக்கிரமே பூஞ்சணம் பிடித்து விறைக்கும். கழற்றி வைக்கும் கயிறுகளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். மூக்கில் இருப்பது விறைத்துவிட்டால் மாற்றுவதுதான் வழி.

அடுத்தது சலங்கைப் பட்டை. செட்டின் விலையே இதில்தான் இருக்கிறது, ஏமாற்றுவதும் இதில்தான். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை என்று சொல்லும் சலங்கையின் வெளித்தோட்டில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஒரு பருவம் அடித்தால் ஓரத்தில் துரு பூத்து, வெள்ளை மாட்டின் கழுத்தில் செங்காவிக் கோடு விழும். அசல் பித்தளைத் தோட்டுக்குள்ளும் உருளும் குண்டு இரும்பாக இருக்கலாம். கடல் தண்ணீர் பட்டால் குண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், சத்தம் அடைத்துப்போகும். ஒவ்வொரு சலங்கையையும் தனித்தனியாகக் காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலே சிவப்பு ரெக்சின், உள்ளே பல செட்களில் வெறும் அட்டை. வியர்வை இறங்கினால் அட்டை ஊதும், ரிவெட்டின் பின்புறம் துருத்திக்கொண்டு நேராகத் தோலில் உரசும். திமிலுக்கு முன்னால் வட்டமாக முடி உதிர்ந்த மாட்டைப் பார்த்தால் நுகத்தடியை மட்டும் சந்தேகப்படாதீர்கள். இந்த ரிவெட்டையும் பாருங்கள். தோல் பட்டை வாங்குவதாக இருந்தால் வெட்டிய ஓரத்தைக் கவனியுங்கள். குறுக்கு வெட்டு முழுக்கப் பழுப்பாக இருந்தால் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்டது. நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் தோல். முதல் வகை விளக்கெண்ணெய் போட்டுப் பழக்கினால் கழுத்துக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும், ஆனால் நனைந்ததை வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். குரோம் தோல் ஈரத்தைப் பொறுக்கும். எண்ணெய் போடச் சோம்பல் உள்ளவர்கள் குரோமே வாங்கலாம். எந்தத் தோலானாலும் உட்புறம் கம்பளித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தையலுக்கு மட்டும் பருத்தி நூல் வேண்டாம், உப்பில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூலே நிற்கும்.

ஊர்வலத்தில் சலங்கை அழகுதான். ஓட்டம் தொடங்கும் எல்கைக் கோட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள். ஓட்டத்தில் பட்டை ஆடி, கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடியில் அடித்துக்கொண்டே வரும்.

மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு பூட்டும் பூட்டாங்கயிறு செட்டில் வராது. தனியாக வாங்கும்போது உருண்டைக் கயிற்றைவிடத் தட்டையாகப் பின்னியது நல்லது, அழுத்தம் பரவும். தொண்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே மூன்று விரல். இறுக்கினால் மூச்சுக்குழல் நசுங்கும், மாடு வாயைத் திறந்துகொண்டு ஓடும். பார்க்கிறவர்கள் களைப்பு என்று நினைப்பார்கள். தளர்ந்தால் நுகத்தடி ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சில கடைகளில் செட்டோடு ஒரு கம்பும் தருகிறார்கள். நுனியில் ஆணி இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வண்டி மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளே முள் வைத்த கம்பைத் தடை செய்திருக்கின்றன. விதி இல்லாவிட்டாலும் குத்து வாங்கிய மாடு நேராக ஓடாது, ஜோடியை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போகும்.

கொம்புக்குப் பெயின்ட் வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும். சீவுவதானால் நுனியின் வெளி ஓடு மட்டும்; உள்ளே ரத்த ஓட்டமுள்ள எலும்பு இருக்கிறது.

குளிப்பாட்டுவதில் ஒரு விஷயம். நம் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் உவர். அதில் குளிப்பாட்டி அப்படியே விட்டால் உப்பு முடியில் காய்ந்து, கயிறு படும் இடமெல்லாம் அரிக்கும், மாடு கம்பத்தில் போய் உரசும். கடைசியாக முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

லாடம் மாட்டுக்கு 8 தகடு, ஜோடிக்கு 16. பந்தயத்துக்கு முந்தின நாள் அடிக்காதீர்கள். ஆணி ஒரு நூல் அளவு உள்ளே தப்பிப் போயிருந்தால் நொண்டல் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஒரு வாரம் முன்னால் அடித்து, தார்ச்சாலையில் மெதுவாக நடத்திப் பாருங்கள். புதுக் கயிறு, புதுப் பட்டை எதுவானாலும் அந்த வாரத்திலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள்.