ஈயம் உறிஞ்ச எது வாங்கலாம்: சக்கரா, விக்கா, கன்னா?

போர்டிலிருந்து கண்டன்சரைக் கழற்றும்போது பேட் (பாகத்தின் கால் ஒட்டியிருக்கும் செம்பு வட்டம்) பிய்ந்து வந்தால் பெரும்பாலும் குறை உறிஞ்சும் விசையில் இருக்காது. ஓட்டைக்குள் இருக்கும் ஈயம் முழுதாக உருகுமுன்பே காலை இழுத்திருப்பார்கள். பழைய சால்டர் ஈயத்தை எடுக்கும் டீசால்டரிங் கருவிகளான ஸ்பிரிங் சக்கர், விக் என்னும் செம்புப் பின்னல், சூடேறும் கன் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் எடை போடலாம்: சால்டர் மூட்டின் அடிவரை சூடு போய்ச் சேர்கிறதா, அந்தச் சூடு ஆறுமுன் ஈயம் வெளியே வருகிறதா?

அதனால் முதலில் போர்டைப் பாருங்கள். பழைய டிவியிலும் மலிவான எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையிலும் வரும் பழுப்பு நிற ஒருபக்க போர்டில் ஓட்டைக்குள் செம்பு கிடையாது. ஈயம் சீக்கிரம் உருகும். பேடும் சீக்கிரம் உரியும், ஏனென்றால் அதைப் பிடித்திருப்பது பசை மட்டுமே. பச்சை நிற இருபக்க ஃபைபர் போர்டில் ஓட்டையின் உட்சுவரிலும் செம்புப் பூச்சு உண்டு. ஈயம் மேலிருந்து கீழ்வரை நிற்கும். கம்ப்யூட்டர் மதர்போர்டு போலப் பல அடுக்கு என்றால், கிரவுண்ட் கால் உள்ளே ஓடும் செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும். நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்தத் தகடு இழுத்துக்கொண்டே இருக்கும்.

எந்தக் கருவி ஆனாலும் பழைய மூட்டில் முதலில் கொஞ்சம் புது 63/37 ஈயம் (63% டின், 37% லெட்) ஏற்றுங்கள். அது 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலையில் மின்னணுப் பொருளில் லெட் போன்ற நச்சைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் விதி வந்த பிறகு தயாரான போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது லெட்-ஃப்ரீ (லெட் இல்லாத) கலவை. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கும், ஈயம் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸும் புதிதாக உள்ளே போகும், ஈயத்தின் அளவு கூடுவதால் சூடு சற்று நேரம் தங்கும். இதைச் செய்யாமல் "சக்கர் இழுக்கவில்லை" என்று புதுக் கருவி வாங்குவது வீண் செலவு.

ஸ்பிரிங் சக்கர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மின்சாரம் வேண்டாம். ஒருபக்க போர்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இதன் பலவீனம் இரண்டு. சாதாரண சக்கரின் டெஃப்லான் மூக்கு கெட்டியானது. சால்டரிங் அயர்னை எடுத்துவிட்டுத்தான் மூட்டின் மேல் வைக்க முடியும். அந்த இடைவெளியிலேயே ஈயம் உறைய ஆரம்பித்துவிடும். அடுத்து, பட்டனை அழுத்தியதும் ஸ்பிரிங் உதைக்கும். அந்த உதையில் மூக்கு பேடைக் குத்தும். ஜப்பானின் எஞ்சினியர் எஸ்.எஸ்-02 இரண்டையும் ஒரே மாற்றத்தால் தீர்க்கிறது: முனையில் வளையும் சிலிக்கான் குழாய். அயர்ன் முனை மூட்டிலேயே இருக்க, குழாய் அதையும் சேர்த்து மூடிக்கொள்ளும், காற்று கசியாது. சாதாரண சக்கரின் மூக்கில் 1 செ.மீ. சிலிக்கான் குழாய்த் துண்டை இறுக்கமாக மாட்டினாலும் ஏறக்குறைய அதே பலன். பி.வி.சி. குழாய் வேண்டாம், உருகி ஒட்டும். சக்கர் சில வாரத்தில் பலவீனமானால் தூக்கி எறியாதீர்கள். கழற்றி, உள்ளே சேர்ந்த ஈயத்தூளைக் கொட்டி, ஓ-ரிங்கில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் பழைய இழுவை திரும்பும். அந்தத் தூளை வாயால் ஊதக் கூடாது. வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

விக் வேறு விதமான வேலைக்காரன். எஸ்.எம்.டி. (ஓட்டையில்லாமல் போர்டின் மேலேயே ஒட்டும் பாகம்) பேடைத் தட்டையாகச் சுத்தம் செய்ய, ஐ.சி. கால்களுக்கிடையே ஒட்டிய ஈயத்தை எடுக்க, இதற்கு இணை இல்லை. பேட் எவ்வளவு அகலமோ விக்கும் அவ்வளவு அகலம் இருக்க வேண்டும், 2 மி.மீ., 3 மி.மீ. இரண்டும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். கூர்முனை அயர்னால் விக்கைச் சுட வைக்க முயல்வதுதான் பரவலான தவறு. உளி முனை மாட்டுங்கள். முனையில் துளி ஈயம் இருக்கட்டும், அது சூட்டைக் கடத்தும். சுருளிலிருந்து இழுத்தபடியே பயன்படுத்தினால் மிச்சச் செம்பு முழுவதும் சூட்டைக் குடிக்கும், 3 செ.மீ. வெட்டி ட்வீசரால் பிடியுங்கள். ஈயம் ஏறிய நுனியை உடனே வெட்டி விடுங்கள். விக்கையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அயர்னை முதலில் எடுத்தால் விக் பேடோடு உறையும். இழுத்தால் பேட் கையோடு வரும். நிறம் மங்கிய விக் உறிஞ்சாது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஜிப் கவரில் வையுங்கள், மங்கிப்போனால் ரோசின் ஃப்ளக்ஸ் தடவுங்கள். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் மட்டும் கூடாது, போர்டின் செம்புத் தடமான டிராக்கை அரிக்கும்.

ஓட்டைக்குள் இருக்கும் ஈயத்துக்கு விக் அவ்வளவு ஏற்றதல்ல. செலவும் ஏறும்: ஒரு காலுக்கு 1 செ.மீ. என்றாலும் 40 கால் ஐ.சி.க்கு 40 செ.மீ. போய்விடும், 1.5 மீட்டர் சுருள் நான்கு ஐ.சி.க்குக்கூட வராது.

அங்கேதான் கன் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. சூடான துளை முனை காலைச் சூழ்ந்து நிற்கும், மோட்டார் பம்ப் உறிஞ்சும்; சூடும் இழுவையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். ஹாக்கோ எஃப்.ஆர்-301இல் பம்ப் கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. இசட்.டி-915 போன்ற சீன வகைகளில் தனிப் பெட்டி. விலை வெகுவாகக் குறைவு, முனையும் ஃபில்டரும் அடிக்கடி கவனம் கேட்கும். ஹாக்கோவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 100 அல்லது 120 வோல்ட் மாடலா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஹீட்டர் போய்விடும்.

கன்னைப் பிடிக்கும் முறை முக்கியம். முனையின் துளை காலைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும், ஐ.சி. காலுக்கு 0.8 அல்லது 1 மி.மீ. சரி. முனையை வைத்ததும் டிரிகரைத் தட்டாதீர்கள். மெல்ல வட்டமாக அசையுங்கள். கால் தளர்ந்து ஆடும்போதுதான் அடிவரை உருகியிருக்கிறது. அப்போது டிரிகரை அழுத்தி, அசைத்தபடியே ஓரிரு நொடி இழுங்கள். கால் ஓட்டைச் சுவரில் மறுபடி ஒட்டாமல் ஆறும். டிரிகரை உடனே விட்டால் பாதி வழியில் ஈயம் உறைந்து குழாய் அடைக்கும். கன் அடைப்புக்கு முக்கியக் காரணம் இதுவே. அணைப்பதற்கு முன், சூடாக இருக்கும்போதே கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் பழுப்பேறி விறைத்தால் மாற்றுங்கள்.

பல அடுக்கு போர்டின் கிரவுண்ட் காலில் கன்னும் திணறும். கீழிருந்து போர்டை 100 டிகிரி அளவுக்கு முன்சூடு செய்யுங்கள். முனைச் சூட்டை 450க்கு ஏற்றுவதைவிட அது பேடுக்குப் பாதுகாப்பு. பிஸ்மத் கலந்த தாழ் உருகு கலவையும் உதவும், ஆனால் பிறகு அதை முழுதாகத் துடைக்க வேண்டும். பிஸ்மத், லெட், டின் மூன்றும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகலாம். சூடேறும் பாகத்தில் அந்த மூட்டு நிற்காது.

சக்கர் பொருத்திய 30 வாட் அயர்ன் ஒருபக்க போர்டுக்குப் போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி எஸ்.எம்.டி.க்கு, பிளாஸ்டிக் கனெக்டர் பக்கத்தில் காட்டினால் அது வளைந்துவிடும்.

டிவி, எஸ்.எம்.பி.எஸ்., இன்வெர்ட்டர் போர்டு பார்ப்பவருக்கு சிலிக்கான் முனைச் சக்கர், ஒரு சுருள் விக், நல்ல 63/37 போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் மூன்றும் கிடைக்கும். மிச்சப் பணம் இருந்தால் அதை வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் ஸ்டேஷனில் போடுங்கள். 25 வாட் அயர்னோடு வாங்கும் எந்த உறிஞ்சியும் பாதி பலம்தான் காட்டும். வாரந்தோறும் மதர்போர்டு கண்டன்சரோ, நிறையக் கால் உள்ள ஐ.சி.யோ கழற்ற வேண்டியவர் தயங்காமல் கன் வாங்கலாம். அவரும் விக்கைக் கைவிட முடியாது: கன் விட்டுப்போகும் மெல்லிய ஈயப் படலத்தை எடுக்க அதுதான் வேண்டும்.