அம்மாவுக்கு மெஷினா, வயிற்று டயாலிசிஸா?

அம்மாவின் சிறுநீரகம் இனித் தேறாது என்று சொன்னபோது அவருக்கு வயது 68. இதயம் பலவீனமாக இருந்ததால் மாற்று சிறுநீரகம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மீதி இரண்டு வழி. வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போய் நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது. இல்லையென்றால், வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் சி.ஏ.பி.டி.

மெஷினின் நல்லது தெரிந்ததுதான்: நர்ஸ் பார்த்துக்கொள்வார், மற்ற நாட்களில் வேலை இல்லை. நானும் அதையே நினைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டால், "உனக்கு எது தோதோ அதைச் செய்." பிள்ளைக்குப் பாரமாகக் கூடாது என்று நினைப்பவரின் பதில் அது, அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கேள்வியை மாற்றினேன். தாகம் தீரத் தண்ணீர் குடிப்பது, ஊசி வலி இல்லாமல் இருப்பது, சித்தி வீட்டில் நாலு நாள் தங்குவது, கூடுதலாக இரண்டு வருடம் வாழ்வது என்று ஆறேழு சீட்டு எழுதி, எதை முதலில் விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அம்மா முதலில் தள்ளி வைத்தது அந்த இரண்டு வருடத்தை. கடைசிவரை கையில் வைத்திருந்தது சித்தி வீட்டை. பத்து நாள் கழித்து மறுபடி கேட்டேன். நடுவில் இருந்தவை இடம் மாறின, இந்த இரண்டும் மாறவில்லை.

அப்புறம்தான் படித்தேன்: 2012-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பயணம் போகும் சுதந்திரத்துக்காக 15 மாத ஆயுளை விட்டுத்தரவும் நோயாளிகள் தயாராக இருந்தார்கள். அம்மா தனி ஆள் இல்லை.

மெஷின் என்றால் வாரம் மூன்று நாள் சென்டருக்குப் போக வேண்டும், சித்தி வீட்டில் நாலு நாள் தங்குவது கஷ்டம். அதனால் சி.ஏ.பி.டி.யே செய்தோம். தினம் மூன்று நான்கு முறை, தடவைக்கு அரை மணி நேரம். ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வயிற்றில் பொருத்திய குழாயைத் தொடக் கூடாது. ஒருமுறை வெளியே வந்த நீர் கலங்கலாக இருந்தது, வயிற்றுத் தொற்று. ஆன்டிபயாட்டிக்கில் சரியானது. ஆனால் திரவப் பைகளோடு பஸ் ஏறி சித்தி வீட்டுக்கு மூன்று முறை போய்வந்துவிட்டார்.

எங்கள் அனுபவம் 14 மாதம்தான். தனியாக இருப்பவர்களுக்கும், கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களுக்கும் இதையே செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பொங்கலுக்கு அப்புறம் சீட்டுகளை அம்மாவிடம் மறுபடி கொடுக்கப் போகிறேன். வரிசை மாறினால் மெஷினுக்கு மாறுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுவோம்.