கைக்கு ஊசி, காதுக்கு பால் டெம்பிள்

சிங்கப்பூர் தேக்காவில் பிளவுஸ் தைப்பது என் தொழில். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வேலை வீடு வரைக்கும் வந்துவிடும். கொக்கி கட்டுவது, ஹெம்மிங் எல்லாம் கைத்தையல், துணியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. டிவி உதவாது. அதனால்தான் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில் பால் டெம்பிள் சிடி பெட்டியைப் பார்த்ததும் 30 வெள்ளி கொடுத்து வாங்கினேன். 1950களில் பிபிசி வானொலி ஒலிபரப்பிய துப்பறியும் நாடகத் தொடர்கள். ஒரு டிஸ்கில் கீறல் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். நீங்கள் வாங்கினால் கடையிலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

எழுதியவர் பிரான்சிஸ் டர்பிரிட்ஜ். 1938ல் பர்மிங்ஹாமிலிருந்து முதல் தொடர் ஒலிபரப்பானபோது அவருக்கு வயது 25. கதாநாயகன் டெம்பிள் ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர், மனைவி ஸ்டீவ் பத்திரிகை நிருபராக இருந்தவள். தொடருக்கு எட்டுப் பகுதி, பகுதிக்கு அரை மணி நேரம்.

என் அம்மாவுக்கு 84 வயது, ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கொக்கிகளை எண்ணிக் கொடுப்பார். நான் ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தி, தமிழில் கதை சொல்வேன். கில்பர்ட் வழக்கு என்ற தொடரில் ஒரு பெண்ணைக் கொன்றதாக அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனுக்குத் தூக்குத் தண்டனை. அவன் நிரபராதி என்று டெம்பிளிடம் வந்து சொல்வது, செத்தவளின் அப்பா! இதைச் சொன்னதும் அம்மா கொக்கி டப்பாவை மூடிவிட்டார்.

மூன்றாம் நாளிலிருந்து நான் சொல்ல வேண்டியதே குறைந்துவிட்டது. "இப்பப் பேசுறது அன்னிக்குப் பொய் சொன்னவன்தானே?" என்று அம்மாவே கேட்பார். குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுகிறார். நடிகர்கள் அப்படி. டெம்பிளாக வரும் பீட்டர் கோக் பதறவே மாட்டார், ஸ்டீவாக வரும் மார்ஜரி வெஸ்ட்பரி சிரித்துக்கொண்டே பேசினாலும் உள்ளே இருக்கும் பயம் தெரியும். எழுத்தும் அப்படித்தான். ஒருவரையொருவர் பெயர் சொல்லியே பேசுவார்கள், போன் மணி, கார் சத்தம், கதவு என்று ஒவ்வொன்றும் இடத்தைச் சொல்லிவிடும். வர்ணனை தேவையே இல்லை. தொடக்கத்தில் வருவது ரயில் ஓடுவது போன்ற இசை. அது கேட்டாலே அம்மாவுக்குத் தஞ்சோங் பகார் ஸ்டேஷன் ஞாபகம் வந்துவிடும்.

குறை உண்டு. இரண்டு மூன்று தொடர் கேட்டால் அச்சு பிடிபட்டுவிடும். டெம்பிள் தம்பதியைக் காரோடு கொல்லப் பார்ப்பார்கள், கடைசியில் சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் ஒரு விருந்துக்கு அழைத்து, குற்றவாளியின் முகமூடியை டெம்பிள் கிழிப்பார். ஒரே மூச்சில் கேட்டால், நடந்ததையே திரும்பப் பேசுவது அலுக்கும். வாரம் ஒரு பகுதி என்று எழுதியது அல்லவா! இரவுக்கு ஒன்று போதும், மறுநாள் பகல் முழுக்க மனசு அதிலேயே சுற்றும்.

குற்றவாளி யாரென்று இங்கே சொல்ல மாட்டேன். 1962ல் டர்பிரிட்ஜ் எழுதிய தொலைக்காட்சித் தொடர் ஜெர்மனியில் ஓடியபோது தெருக்களே காலியாகக் கிடந்தன. முடிவுக்கு முன்பே கொலைகாரன் பெயரைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்ட நகைச்சுவை நடிகர் ஊர் முழுக்கத் திட்டு வாங்கினார். வாங்கட்டும், சரிதான்.

சில பழைய பதிவுகள் பிபிசியிடமே இல்லை. அவற்றைப் பழைய வசனத்தை வைத்து 2006லிருந்து புதிதாக நடித்து வெளியிட்டார்கள். அது தனிப் பெட்டி, நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வேன்டைக் வழக்கில் இருக்கிறோம். ஒரு கைக்குழந்தையும் அதைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணும் காணாமல் போகிறார்கள். முதல் பகுதி முடிந்து, வழக்கம்போல நிறுத்தப் போனேன். "பிள்ளை என்னாச்சுன்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது? போடு அடுத்ததை" என்றார் அம்மா. போட்டேன். மணி பன்னிரண்டரை.