கூகுள் ஃபிட்: அடியை விடுங்கள், பாயிண்டைப் பாருங்கள்

நாள் முழுக்க வீட்டுக்குள்ளும் கடைக்கும் மாடிக்குமாக நடந்தால், நடையைக் கணக்கிடும் கூகுள் ஃபிட் ஆப் போனில் 8,000 அடி காட்டிவிடும். அதே நாளில், வேகமாக அசைந்தால் மட்டும் அது தரும் ஹார்ட் பாயிண்ட் மூன்றோ நான்கோதான் விழுந்திருக்கும். கூகுள் ஃபிட் எதற்கு உதவும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

தினம் 10,000 அடி என்ற இலக்கு மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் ‘மன்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள். விளம்பரத்துக்கு வைத்த பெயர் ஊருக்கே இலக்காகிவிட்டது. ஹார்ட் பாயிண்ட் அப்படி வந்ததில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை வைத்து 2018இல் ஃபிட்டில் சேர்த்தார்கள். வேகநடைக்கு நிமிடத்துக்கு ஒரு பாயிண்ட், ஓட்டத்துக்கு இரண்டு. வாரம் 150 எடுத்தால் போதும்.

எது வேகநடை? நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. 15 விநாடி மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், 25 வந்தால் சரி. அரை மணிக்கு 3,000 அடி, 30 பாயிண்ட். ஐந்து நாளில் வாரக் கணக்கு முடிந்தது. அடியை மட்டும் பார்ப்பவர் இன்னும் கொஞ்ச நேரம் நடக்கப் பார்ப்பார். பாயிண்டைப் பார்ப்பவர் வேகத்தைக் கூட்டுவார். பழக்கம் மாறுவது அங்கேதான்.

இனி சிக்கல்கள். பலருக்கு முதல் வாரமே எண்ணிக்கை குறைவாகக் காட்டும். பாதி நேரம் போனின் பேட்டரி சேமிப்புதான் காரணம், பின்னணியில் ஓடும் ஆப்பை அது நிறுத்திவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஃபிட், அதில் பேட்டரி போய் ‘அன்ரெஸ்டிரிக்டட்’ கொடுங்கள். பெர்மிஷனில் ‘ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி’ அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு போனை பாக்கெட்டில் போட்டு 100 அடி எண்ணி நடங்கள். ஆப் உடனே காட்டாது, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஐந்தாறு அடி வித்தியாசம் பரவாயில்லை.

போன் உடம்போடு இருந்தால்தான் இதெல்லாம். சமையலறை மேடையில் வைத்துவிட்டு நாலு மணி நேரம் நின்று நடந்து வேலை செய்தாலும் ஒரு அடிகூட ஏறாது. புடவையில் பாக்கெட் கிடையாது என்பதை இந்த ஆப்களைச் செய்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை! வாட்ச் கட்டினால் இது தீரும், ஆனால் டிராலி தள்ளும்போது கை ஆடாததால் அதுவும் குறைத்தே எண்ணும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி கட்டுங்கள். தளர்ந்தால் இதயத்துடிப்பு தப்பாக வரும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பே அதிகம் ஏறாது. வாட்ச் துடிப்பை வைத்துப் பாயிண்ட் போட்டால் உழைப்புக்கேற்ற பாயிண்ட் கிடைக்காது.

யோகா, எடைப் பயிற்சியை நீங்களே பதிய வேண்டும். கூட்டல் குறியைத் தொட்டு ‘ஆட் ஆக்டிவிட்டி’.

கலோரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலையும் சேர்த்தே ஃபிட் காட்டும். 1,600 என்று பார்த்ததும் அவ்வளவும் நடந்து கரைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் கூடுதலாகக் கரைவது சுமார் 80 முதல் 100 கலோரி. தோசைக்கல்லில் விடும் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயே 80 முதல் 90 கலோரி. வாட்சுகளும் இதில் உருப்படியில்லை: 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின, கலோரியிலோ இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

சாப்பாட்டைப் பதிய ஃபிட்டில் வழியில்லை. இட்லி, சாம்பார் கணக்குக்கு ஹெல்திஃபைமீ மாதிரி வேறு ஆப் வேண்டும். அதிலும் எண்ணெயைத் தனியாகப் பதியுங்கள், எல்லாரும் விடுவது அதைத்தான்.

ஃபிட்டுக்குக் காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, வாட்சும் கட்டாயமில்லை. நடைப்பழக்கம் தொடங்குபவருக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஒரே தயக்கம், ஃபிட்டோடு புதிதாக இணைய விரும்பும் ஆப்களுக்கான வழியைக் கூகுள் 2024இலேயே மூடி, ஆப்களுக்கிடையே உடல்நலத் தகவலைப் பகிரும் ஆண்ட்ராய்டு வசதியான ஹெல்த் கனெக்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. வருடக் கணக்கில் பதிவு வைத்திருப்பவர்கள் கூகுள் கணக்கிலுள்ள தகவலை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் ஃபிட்டை மட்டும் டிக் செய்து ஒரு பிரதி இறக்கிக்கொள்ளுங்கள்.