சான்றிதழைப் பார்த்து ஆறு மாதப் பணத்தைக் கட்டிவிட்டேன், நீங்கள் கட்டாதீர்கள்

நேற்று இரவுதான் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை, கோர்வையாக எழுத வராது.

முதியோர் பராமரிப்பு இல்லம் அது. படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் நர்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று விளம்பரம் செய்கிற வகை. பெயர் வேண்டாம்.

முதல் நாள் வரவேற்பறைச் சுவரில் முத்திரை குத்திய ஆய்வுச் சான்றிதழைக் காட்டினார்கள். நான் முத்திரையை மட்டும்தான் பார்த்தேன். அப்புறம் மேலாளர் அம்மாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, "அம்மா, ஜன்னல் ஓரக் கட்டில் போடட்டுமா?" என்று கேட்டார். அங்கேதான் விழுந்தேன். ஆறு மாதப் பணத்தை அப்போதே கட்டினேன்.

ஐந்தாவது வாரம் குதிகாலில் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கமே அதுதானாம், எனக்கு அப்போது தெரியாது. கேட்டதற்கு, "வயசானவங்க தோல் அப்படித்தான் சார்." மேலாளரைக் கேட்டால் மீட்டிங். டாக்டர் வியாழக்கிழமை வருவார். எந்த வியாழக்கிழமை என்று யாரும் சொல்லவில்லை.

ஏழாவது வாரம் சொல்லாமல் போனேன். குதிகாலில் தோல் உடைந்து புண்ணாகியிருந்தது, முதுகின் அடியிலும் புண். தானாகப் புரள முடியாதவர்களைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பார்கள். அதற்கான அட்டை கட்டில் காலில் தொங்கியது. நான் நின்றது மாலை 4 மணிக்கு. அட்டையில் இனிமேல் வரப்போகிற 6 மணி, 8 மணி, 10 மணி எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று! எடைக் குறிப்பிலும் ஏழு வாரமும் ஒரே எண். அம்மா பாதியாகியிருக்கிறாள், எடை மட்டும் அசையவில்லை.

ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் மட்டும் ஆள் கூடும் என்று ஓர் ஆயாம்மா மெல்லச் சொன்னார். பாவம், இரவில் ஒரு மாடி முழுவதற்கும் அவர் ஒருத்திதான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கிளம்பும்போது சான்றிதழைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சமையலறைச் சுத்தம், தீயணைப்புக் கருவிகள். அவ்வளவுதான். படுத்திருப்பவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை.

இருந்தது ஏழு வாரம், கட்டியது ஆறு மாதப் பணம். கேட்டால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறார்கள். இப்போது போனையும் எடுப்பதில்லை. ஆறு மாதப் பணம்!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடிந்தவரை சொல்கிறேன். சான்றிதழ் வேண்டாம், ஆய்வு அறிக்கையையே கேளுங்கள்: என்ன குறை கண்டார்கள், மறுபடி வந்து பார்த்தார்களா. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். சொல்லாமல் போங்கள், போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். பணத்தை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க நேரமாகிவிட்டது.