ஓவராயில் சரியில்லையா? அதே கடையா, அடுத்த கடையா?

மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியைப் போன மாதம் ஓவராயிலுக்கு, அதாவது முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதற்கு விட்டேன். 650 ரூபாய். மூன்றாம் நாளே இடது பெடல் சாய்ந்துகொண்டு, மிதிக்க மிதிக்க 'கடக் கடக்' என்று சத்தம். காலை அவசரத்தில் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த வேறொரு கடையில் காட்டினாள். அவர் ஸ்பேனர் போட்டு இறுக்கி அனுப்பினார். மறுநாள் பெடல் கழன்றே விழுந்துவிட்டது. பின்னால் பேருந்து எதுவும் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஓவராயில் செய்த கடைக்குப் போனேன். "வேற கடையில கை வச்சிட்டீங்களேக்கா, இனிமே நான் எப்படிப் பொறுப்பேத்துக்கிறது?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இடது பெடலின் மரை (திருகு வரி) மற்ற மரைகளுக்கு நேர்மாறானது. இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். வலது பெடலை இடதில் மாட்டினாலோ, கோணலாக வைத்துப் பலம் கொடுத்து ஏற்றினாலோ, பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் மரை அழிந்துவிடும். அழிந்த மரையை எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது. ஆக, இரண்டாவது கடையில் செய்த வேலையால் பயன் ஒன்றும் இல்லை, முதல் கடையில் கேட்கும் வாய்ப்பும் போய்விட்டது.

எனவே எந்த வழி என்று யோசிக்கும் முன், வந்திருப்பது தளர்ச்சியா, சேதமா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கூடிக் குறைந்தால் கோட்டம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா? அச்சில் பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. இவை தளர்ச்சிகள். அச்சைச் சுற்றும்போது உள்ளே நறநறவென்று அரைந்தால் கதையே வேறு. கிரீஸில் மண் சேர்ந்திருக்கலாம், பால்ஸ் (பேரிங்கின் இரும்புக் குண்டுகள்) குறைவாகப் போட்டிருக்கலாம். சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 பால்ஸ் இருக்கும்.

தளர்ச்சி என்றால் நாமே சரிசெய்வதைவிட நல்ல வழி இல்லை. பிரேக் கம்பியை இழுத்துப் பிடித்து நட்டை இறுக்குவது பத்து நிமிட வேலை. கோட்டம் எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். போக்ஸ் கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. ஆர்வத்தில் முழுச் சுற்று திருகினால் முட்டை வடிவச் சக்கரம்தான் மிஞ்சும். கோனை இறுக்க மெல்லிய ஸ்பேனர் தேவை. அது கையில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சேதம் என்றால் தயங்காமல் அதே கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் வேறு யார் கையும் படுவதற்கு முன்னால். ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "வேலை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் வரும். "தம்பி, இந்தப் பெடல் எப்படிச் சாய்ந்திருக்கு பாருங்க" என்று தொட்டுக் காட்டினால் பெரும்பாலான மெக்கானிக்குகள் குனிந்து பார்ப்பார்கள். கூட்டம் இருக்கும் மாலையைவிடக் காலை நேரம் நல்லது. நாலு பேர் முன்னால் தவறை ஒத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

அடுத்த கடை எப்போது சரி? முதல் கடைக்காரர் பார்க்கவே மறுத்தால், அல்லது பிரேக் விஷயத்தில் ஒரு முறை திரும்பக் கொடுத்தும் சரியாகாவிட்டால். பிரேக்கில் இரண்டாவது வாய்ப்புக்கு மேல் நான் யாருக்கும் தரமாட்டேன். அப்போதும் பழுதான பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது முக்கியம்.

புகார் கொடுக்கும் வழியும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு மோசமாகச் செய்த வேலை சேவைக் குறைபாடு. 1915 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் மரத்தடிக் கடையில் யார் பில் கொடுக்கிறார்கள்? ஷோரூமில் பில்லோடு சர்வீசுக்கு விட்ட 30,000 ரூபாய் கியர் சைக்கிள் என்றால் கட்டாயம் இந்த வழியில் போங்கள். 650 ரூபாய்க்கு, தினமும் பார்க்கும் மனிதரோடு, நான் போகமாட்டேன்.

மறுநாள் காலை அதே கடைக்கு மறுபடி போனேன். இந்த முறை குரலை உயர்த்தாமல், மரை அழிந்த கிராங்கை வெளிச்சத்தில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். புதுக் கிராங்குக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், கூலி வேண்டாம் என்றார். மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். பெடலை முதலில் வெறும் கையால் ஏற்றச் சொன்னேன். தடையில்லாமல் நாலைந்து சுற்று ஏறியது. அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார்.